உவர்க்கரையில் எல்லோருக்கும் நகச்சுத்து

சத்தியம்! கடலறியச் சத்தியம், காற்றறியச் சத்தியம், இன்று காலையில் தின்ற சோற்றில் கிடந்த உப்பறியச் சத்தியம்! இனி வரப்போகும் சொல்லில் ஒன்றே ஒன்று பொய் என்று எவராவது நிரூபித்துவிட்டால், மீசையில் ஒரு பக்கத்தை மட்டும் வழித்துக்கொண்டு உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வரத் தயார்; ஆனால் நிரூபிக்க முடியாது, ஏனென்றால் உவர்க்கரைக்காரர்களிடம் போய்க் கேட்டால் "அப்படியா? எங்க ஊர்லயா? நாங்க கேள்விப்படலியே" என்று முகத்தைத் துடைத்துவிட்டாற்போல் சொல்வார்கள், அப்படிச் சொல்வதே அது நடந்ததற்கு முதல் சாட்சி.

உவர்க்கரை கடலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் உப்பைக் கொட்டிப் பரப்பி வைத்த மாதிரிக் கிடக்கும் ஊர். அங்கே எல்லாம் உண்டு, ஒளிந்துகொள்ள இடம் மட்டும் கிடையாது. மரம் முளைக்காது, முளைத்தாலும் இடுப்புக்கு மேல் வளராது. உப்புப் பாத்திகள் துடைத்து வைத்த கண்ணாடி போல வானம் வரைக்கும் போகும். இந்த வரப்பில் ஒருத்தி தும்மினால் நாலு வரப்பு தள்ளி இன்னொருத்தி "நூறு" என்பாள். அதனால் அந்த உப்பளத்தில் உப்பு வாரும் பெண்கள் விடிந்ததில் இருந்து வெயில் சாயும் வரை பல்லில் தண்ணீர் படாமல் வேலை பார்த்தார்கள். குடித்தால் போக வேண்டும், போனால் மறைவு வேண்டும், மறைவு என்பது பஸ் ஏறிப் போனால்தான் உண்டு.

அப்படி நாக்கு வறண்டே பழகிப்போனவர்களில் ஒருத்தி சந்தனமாரி. புருஷன் கடலோடு போன பிறகு அவளையும் அவள் மகள் செவ்வந்தியையும் தாங்கிப் பிடித்தது கூடப்பிறந்த அண்ணன் பலவேசம். அவன் அதே அளத்தில் கங்காணி, அதாவது யார் வேலைக்கு வரலாம், யார் வரக்கூடாது என்று முதலாளி சொல்வதை வந்து சொல்லும் வாய். செவ்வந்திக்குச் சித்திரையில் கல்யாணம் குறித்திருந்தது. தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை எடுத்துக்கொண்டு வந்து மணவறையில் நிற்க வேண்டும். அவன் நிற்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் தாலியை எடுக்க மாட்டார்கள், அது அந்தப் பக்கத்து வழக்கம். சந்தனமாரிக்கு இருந்தது ஒரே அண்ணன்.

பங்குனியில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது.

சந்தனமாரி முன்னாலும் ஓட்டுப் போட்டிருக்கிறாள். டெல்லிக்குப் போட்டிருக்கிறாள், கோட்டைக்குப் போட்டிருக்கிறாள். அதெல்லாம் கடலில் கல்லைப் போடுகிற மாதிரி. மெஷினில் பட்டனை அமுக்கினால் அது ஒரு கூவல் கூவும், அவள் யாருக்கு அமுக்கினாள் என்று டெல்லிக்குத் தெரியாது, டெல்லியின் மூஞ்சி அவளுக்குத் தெரியாது, வெளியே வந்ததும் கேட்கிறவர்களுக்கெல்லாம் "உங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். பஞ்சாயத்து ஓட்டு அப்படியில்லை. பஞ்சாயத்துக்கு நிற்பவன் நம் வீட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே வருகிறவன், நம் பிள்ளைக்குக் காது குத்தும்போது மடி கொடுத்தவன். அவனுக்குப் போடாவிட்டால் அடுத்த நாள் காலையில் அவன் முகத்தில்தான் முழிக்க வேண்டும். நாட்டை ஆள்வது யார் என்று சொல்ல ஒரு விரல் போதும். தெருவை ஆள்வது யார் என்று சொல்லத்தான் நெஞ்சு வேண்டும்.

அந்தத் தேர்தலில் பலவேசம் நின்றான் என்பதைவிட நிறுத்தப்பட்டான் என்பதுதான் சரி. அளத்துக்குப் பக்கத்தில் ஓடைப் புறம்போக்கு ஒன்று சும்மா கிடந்தது. அதன்மேல் முதலாளிக்குக் கண். பஞ்சாயத்துத் தலைவன் தன் ஆளாக இருந்தால் வரப்பு தானாக நகர்ந்து புறம்போக்குக்குள் போய்விடும் என்பது அவர் கணக்கு. எதிர்த்து நின்றவள் ஜெபக்கனி, பஸ் நிறுத்தத்தில் இட்லிக்கடை வைத்திருப்பவள், அவள் வாய்க்குப் பயந்து கண்டக்டர்கள் அரை நிமிஷம் கூடுதலாக வண்டியை நிறுத்துவார்கள். அதே புறம்போக்கில், வேலை பார்க்கும் பொம்பளைகளுக்குச் சுவர் வைத்து ஒரு கழிப்பிடம், மேலே ஓடு போட்டு உட்கார ஒரு நிழல், ஓட்டுக் கேட்டு அவள் கொடுத்த வாக்கு இவ்வளவுதான். பலவேசத்துக்குக் கட்டில் சின்னம், ஜெபக்கனிக்குக் கத்தரிக்காய்.

"கட்டில் இருந்தா படுக்கலாம், கத்தரிக்காய வச்சு என்ன செய்ய?" என்று பலவேசத்தின் ஆட்கள் ஒலிபெருக்கியில் கேட்டார்கள்.

"படுத்தது போதும்னுதான நிக்கேன்!" என்று ஜெபக்கனி ஒலிபெருக்கி இல்லாமலே அதைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

முதலாளிக்குச் சந்தேகம் வந்தது. ஓட்டுக்கு இரண்டு நாள் இருக்கையில் ஊரை அளத்துக்கு வரச்சொல்லி, புதிதாகக் குவித்த உப்பு அம்பாரத்தின் முன்னால் நிறுத்தினார். உவர்க்கரையில் பெண் கேட்டால், எல்லைத் தகராறு வந்தால், ஆடு காணாமல் போனால், உப்பில் கைவைத்துச் சத்தியம் பண்ணுவார்கள், அதற்கப்புறம் பேச்சில்லை. எப்போதும் வலது கைதான். ஆனால் முதலாளி கெட்டிக்காரர். கெட்டிக்காரத்தனத்தில் ஒரு பிடி கூடிப்போனதுதான் வினை.

"வலது கையால சத்தியம் பண்ணிட்டு இடது கையில மை வாங்கிக்கிட்டுப் போயி மாத்திக் குத்துவிய. எனக்குத் தெரியாதா? மை வைக்கிற வெரலாலேயே சத்தியம் பண்ணுங்க."

இடது கையை உப்பில் வைப்பதா என்று பெரிய ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆகாது என்று சொல்ல எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சொல்லத்தான் யாருக்கும் வாயில்லை. முதலில் பலவேசமே இடது ஆள்காட்டி விரலை உப்புக்குள் விட்டான். பிறகு வரிசையாக ஆணும் பெண்ணும் விட்டார்கள். "எங்க ஓட்டு பலவேசத்துக்கே, இந்த வெரல் பொய் சொல்லாது" என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். கடைசியில் முதலாளி பலவேசத்தின் விலாவில் ஒரு இடி இடித்தார், நீயும் ஏதாவது சொல்லு என்று.

பலவேசம் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான்: "ஊரு வேணும்னா ஒருபக்கம் போவட்டும். என் கூடப்பிறந்தவ ஓட்டு எனக்குத்தான். இல்லேன்னா அவ வீட்டு மணவறையில எனக்கு என்ன சோலி?"

ஊர் சிரித்தது. சந்தனமாரியும் சிரித்தாள், உதடு ஒட்டிக்கொண்டது.

ஓட்டு நாளன்று பள்ளிக்கூடத்தில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. பேர் கூப்பிட்டார்கள், விரலில் மை வைத்தார்கள், கையில் சீட்டுகளைக் கொடுத்தார்கள். வார்டுக்கு ஒரு நிறம், ஒன்றியத்துக்கு ஒரு நிறம், மாவட்டத்துக்கு ஒரு நிறம், ஊர்த் தலைவருக்கு இளஞ்சிவப்பு. சந்தனமாரி அதையெல்லாம் மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் போட்டிருந்த மேஜைக்குப் போனாள். மேஜைமேல் மூன்று பக்கம் மடித்து நிறுத்திய ஓர் அட்டை. அவள் அதற்குள் குனிந்தாள்.

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறந்ததில் இருந்து அவளை யாராவது பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அம்மா பார்த்தாள், அண்ணன் பார்த்தான், புருஷன் பார்த்தான், கங்காணி என்ற பேரில் மறுபடி அண்ணனே பார்த்தான், யாரும் பார்க்காத நேரத்தில் வெயில் பார்த்தது. இந்த அட்டைக்குள் யாரும் இல்லை. டெல்லி ஓட்டுக்கும் இதே மாதிரி ஓர் அட்டை இருந்ததுதான், ஆனால் அன்றைக்கு மறைக்க அவளிடம் ஒன்றும் இல்லாததால் அது கண்ணில் படவில்லை. உள்ளே பழைய பசை வாசம் அடித்தது. ஒரு முழம் அகலம்கூட இருக்காது, ஆனால் உவர்க்கரையில் ஒரு பொம்பளைக்குக் கிடைத்த முதல் மறைவு அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியதும் கை தானாக ரப்பர் ஸ்டாம்பை எடுத்தது, எடுத்த கை கட்டிலைத் தாண்டிப் போய்க் கத்தரிக்காயின் தலையில் உட்கார்ந்தது.

"தாயே, உள்ள தூங்கிட்டீங்களா?" என்று தேர்தல் அலுவலர் குரல் கொடுத்தார்.

அவள் சீட்டை மடித்து இரும்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பலவேசமும் ஆட்டினான். இருவர் கண்ணும் சந்திக்கவில்லை.

மறுநாள் காலையில் அளத்தில் பாத்திக்குள் இறங்கி உப்பு வாரும் பலகையைப் பிடித்தவளுக்கு இடது ஆள்காட்டி விரல் மட்டும் மடங்க மறுத்தது. வாதம் என்று நினைத்து உதறினாள். உதறிய விரல் ஒரு சுற்று சுற்றி, மேற்கே, பஸ் நிறுத்தத்துப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. மடக்கினாள், நிமிர்ந்தது. வலது கையால் பிடித்துக் கிழக்கே திருப்பினாள், விட்டதும் நாய்வால் மாதிரி மேற்கே போனது.

பக்கத்துப் பாத்தியில் வள்ளிமயில் கூப்பிட்டாள். அவள் வாய் ஓயாதவள், அன்றைக்கு ஓய்ந்திருந்தாள். "எக்கா, உனக்கும் வெரல் அந்தப் பக்கமா போவுது?"

"எந்தப் பக்கம்?"

"இட்லிக்கடைப் பக்கம்."

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அளம் முழுக்கப் பெண்கள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள், இடது கைகளில் விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பெரும்பாலான விரல்கள் மேற்கே, சில விரல்கள் கங்காணிக் கொட்டகைப் பக்கம். தூரத்தில் ஜெபக்கனி மாவு அரைக்க மில்லுக்குத் தூக்குவாளியோடு நடந்துபோனாள், அவள் போகப் போக மேற்கே காட்டிய விரல்கள் அத்தனையும் காற்றில் சாய்ந்த கோரை போல அவளோடு கூடவே மெல்லத் திரும்பின.

"சத்தியத்துல ஒரு பாதி காப்பாத்திருச்சு" என்று வள்ளிமயில் மெதுவாகச் சொன்னாள். "வெரல் பொய் சொல்லாதுன்னோம்லா. சொல்லல."

உவர்க்கரை ஆச்சரியப்பட்டு நிற்கும் ஊர் இல்லை. கடல் ஒருநாள் உள்வாங்கியபோதும் அவர்கள் நண்டு பொறுக்கத்தான் போனார்கள். விரல் திரும்புகிறதா, திரும்பட்டும், வேலையைப் பார்க்க வேண்டும், அதற்கு முதலில் விரலை மறைக்க வேண்டும். துணியைச் சுற்றினார்கள்; சுற்றினால் ஏன் சுற்றினாய் என்று கேட்பார்களே? அப்போதுதான் யாரோ ஒருத்தி, அது வள்ளிமயில்தான், ஆழ்வார் கடைக்குப் போய் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி, தலையில் துளை போட்டு, விரலில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு வந்தாள்.

"என்ன மயினி, நகச்சுத்தா?"

"ஆமா, நகச்சுத்து. உசிரு போவுது."

மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப் பேருக்கு நகச்சுத்து. உள்ளே சீழ் பிடித்து விண்ணென்று தெறிக்கிற நகக்கண்ணுக்கு எலுமிச்சம்பழம் மாட்டுவது உலகம் அறிந்த வைத்தியம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆழ்வார் ஒரு மூட்டை பழத்தை விற்றுவிட்டு, இன்னொரு மூட்டைக்கு ஆள் அனுப்பிவிட்டு, தன் விரலுக்கும் ஒன்றை மாட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தான். பழத்துக்குள் விரல் திரும்பத்தான் செய்தது. ஜெபக்கனி தெருவில் போனால் மஞ்சள் பழங்கள் எல்லாம் ஒரு சேரத் தலை திருப்பின. அதைப் பார்ப்பவர்கள் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

ஆனாலும் ஒரு சிக்கல். உண்மையாகவே கட்டிலுக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை, விரலை நீட்டிக்கொண்டு நிமிர்ந்து நடக்கலாம். அவர்கள் அப்படி நடந்தால், பழம் மாட்டியவர்கள் யார் என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஒருநாள் இரண்டு நாள் அப்படித்தான் நடந்தார்கள். அப்புறம் ஒரு காலையில் பலவேசத்தின் சொந்தச் சித்தப்பா மகன், சத்தியத்தின்படி மனதாரக் கட்டிலில் குத்தியவன், ஒரு பழத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். ஏன் என்று அவன் பெண்டாட்டி கேட்டதற்கு, "அவ்வளவு பேரும் வலியில கெடக்கையில நாம மட்டும் வலி இல்லாம திரியிறது நல்லாவா இருக்கு?" என்றான். அன்று சாயங்காலத்துக்குள் உவர்க்கரையில் மை வைத்த ஒவ்வொரு விரலிலும் ஒரு பழம் இருந்தது. யார் யாருக்குப் போட்டார் என்பது அதற்கப்புறம் மறுபடியும் அவரவர் சொத்தாயிற்று. மறைக்க வேண்டியவன் மட்டும் மறைத்தால் அது மறைவே இல்லை, மறைக்க ஒன்றுமில்லாதவனும் சேர்ந்து மறைத்தால்தான் மறைவு. இதை அந்த ஊர் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

சந்தனமாரிக்கு அதற்குப் பிறகும் தூக்கம் பிடிக்கவில்லை. ஊர் கண்டுபிடிக்காது, சரி. அண்ணன்? அவன் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான், ஊர் கேட்டிருக்கிறது. கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. பத்திரிகையில் தாய்மாமன் பேர் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பந்தல்காரனிடம் பேசிவிட்டு வந்த பலவேசம் தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். அவள் இடது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் பரிமாறினாள். அவன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் சாப்பிட்டான்.

"உனக்கும் நகச்சுத்தா அண்ணே?"

"ஊருக்கே வந்துருக்கு, எனக்கு வராதா?" என்றான். "கொழம்புல என்னளா, புளி தூக்கலா இருக்கு."

"பழத்த மாத்துனியா? அழுகிப் போயிருக்கும்."

"கெடக்கட்டும்."

கிடக்கவில்லை. அவன் பழம் பல நாள் பழம்; அவன் சொம்பை எடுக்க நகர்ந்தபோது அது பிதுங்கி, வழுக்கி, தரையில் விழுந்து உருண்டது. அதே நேரம் தெருவில் ஜெபக்கனி யாரையோ "எலே, குடத்த நெளிச்சது யாரு?" என்று திட்டிக்கொண்டே போனாள். பலவேசத்தின் விரல், கட்டில் சின்னத்து வேட்பாளர் பலவேசத்தின் விரல், முதலாளியின் கங்காணி பலவேசத்தின் விரல், தொடைக்கு அடியில் இருந்து நிமிர்ந்து, ஜன்னலோடு ஜன்னலாக, சுவரோடு சுவராக, திட்டுகிற அந்தக் குரலோடு கூடவே திரும்பி, தெருமுனை வரைக்கும் அவளை வழியனுப்பி வைத்தது.

சந்தனமாரி குனிந்து உருண்ட பழத்தை எடுத்தாள். அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. புதுப்பழம் ஒன்றைத் துளைபோட்டு அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, "ரசம் ஊத்தட்டா?" என்றாள். பலவேசத்தின் காதுமடல் சிவந்திருந்தது. அவன் பழத்தை மாட்டிக்கொண்டு, "ஊத்து" என்றான். தனக்கே போட்டுக்கொள்ளாத ஒருவன் வாசலில் நின்று ஊரைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறான். அந்த அட்டைக்குள் குனிந்தபோது அவனையும்தான் யாரும் பார்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதுவரை அவளுக்கு ஒளிக்க ஒரு விரல்தான் இருந்தது, இப்போது இரண்டு.

எலுமிச்சம்பழ வாசமும் அதோடு விரல் சங்கதியும் காற்றில் முதலாளி வீடு வரைக்கும் போயின. கார் வந்தது. வந்தவர் யாரிடமும் ஒன்றும் கேட்காமல், ஊரை அளத்தில் கூடச் சொன்னார், ஜெபக்கனிக்கும் ஆள் அனுப்பினார். போகாதே என்று நாலு பேர் தடுத்தார்கள். "போகலேன்னா என் வீட்டக் காட்டும், போனா என்னயக் காட்டும். இதுல ஒளிய என்ன இருக்கு, வா போவோம்" என்று அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவளுக்கு விரல் திரும்புவதில்லை. அவள் அந்த உப்பில் சத்தியம் பண்ணவில்லை.

வெயில் உச்சி தாண்டி மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. உப்பு அம்பாரத்துக்கு முன்னால் ஊர் வரிசையாக நின்றது.

"பலவேசம் கெழக்க நிக்கட்டும்" என்றார் முதலாளி. "அந்தப் பொம்பள மேக்க நிக்கட்டும். எல்லாரும் பழத்தக் கழட்டுங்க. மேக்க காட்டுறவன் மேக்கயே போயிரலாம், இங்க வேலையில்ல." பிறகு சிரித்துக்கொண்டே சேர்த்தார், "மொதல்ல நம்ம கங்காணி தங்கச்சி கழட்டட்டும். அவ ஓட்டத்தான அண்ணங்காரன் கல்யாணத்தோட சேத்துக் கட்டிவச்சிருக்கான்."

பலவேசம் கிழக்கே நின்றான். புருவத்தில் இருந்து வேர்வை சொட்டியது. பழத்துக்குள் அவன் விரல் மேற்கே இழுத்தது, அவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

சந்தனமாரி வரிசையில் இருந்து வெளியே வந்தாள். எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். அவள் பழத்தைத் தொடவில்லை. நேராக மேற்கே நடந்தாள். முதலாளி "ஓகோ" என்றார். அவள் போய் ஜெபக்கனியின் கையைப் பிடித்தாள்.

"எக்கா, இங்கன வெயிலு கொதிக்கு. எங்க அண்ணன் நெழலுக்கு வாங்க."

"ஏட்டி, என்ன செய்யுத?" என்று ஜெபக்கனி கிசுகிசுத்தாள்.

"வாங்களேன்" என்று அவள் இழுத்துக்கொண்டு வந்து, பலவேசத்தின் முதுகுக்குப் பின்னால், அவன் நிழலுக்குள் அவளை நிறுத்தினாள். பிறகு திரும்பி வந்து தன் இடத்தில் நின்று பழத்தைக் கழற்றினாள். விரல் நிமிர்ந்தது. நேராகப் பலவேசத்தைக் காட்டியது.

ஊர் ஒரு மூச்சு நின்றது, பிறகு புரிந்துகொண்டது. பொத்துப் பொத்தென்று பழங்கள் உப்பில் விழுந்தன. கட்டிலுக்குப் போட்ட விரலும் கத்தரிக்காய்க்குப் போட்ட விரலும் ஒன்றுபோல நிமிர்ந்து ஒரே இடத்தைக் காட்டின. பலவேசமும் மெல்லத் தன் பழத்தைக் கழற்றினான். முதுகுக்குப் பின்னால் நிற்பவளைத் தேடிய அவன் விரல், வேறு வழியில்லாமல், அவன் நெஞ்சிலேயே போய்க் குத்தி நின்றது. எனக்கே நான் போட்டேன் என்று சொல்லும் ஆளைப்போல அவன் நின்றான்.

முதலாளி முட்டாள் இல்லை. "ஏய், நீ தள்ளி நில்லு" என்றார் ஜெபக்கனியைப் பார்த்து.

"நெழல் வேற எங்க இருக்கு முதலாளி? இந்த அளத்துல நெழலுன்னு இருக்கது இந்தாளு ஒடம்பு ஒண்ணுதான்" என்றாள் அவள்.

"தள்ளி நில்லுன்னேன்!"

அவள் நாலு எட்டு வடக்கே நகர்ந்தாள். விரல்கள் நடுங்கின, பாதி அங்கேயே நிற்க, பாதி வடக்கே திரும்ப ஆரம்பித்தன. சந்தனமாரி கண்ணை மூடிக்கொண்டாள்.

பலவேசம் ஒரு கணம் முதலாளியைப் பார்த்தான். பிறகு அவனும் நாலு எட்டு வடக்கே நகர்ந்து ஜெபக்கனிக்கு முன்னால் நின்றான்.

"ஏலே, நீ ஏன்டே நகருத?"

"அவ மேல வெயிலு படுது முதலாளி."

"பட்டா என்ன?"

"ஒண்ணுமில்ல. இத்தன வருசமா பொம்பளைக மேல பட்டுக்கிட்டுத்தான இருக்கு. நானும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்." பலவேசம் இன்னும் அரை எட்டு நகர்ந்து அவளை முழுதாக மறைத்தான். "இன்னிக்கு ஒரு நாள் ஒருத்தி மேல படாம இருக்கட்டுமேன்னு."

முதலாளி அவளைத் தெற்கே போகச் சொன்னார், பலவேசமும் தெற்கே போனான். கிழக்கே என்றார், கிழக்கே போனான். அவர்கள் இருவரும் சுற்ற, ஊரின் விரல்கள் எல்லாம் அவர்களோடு சுற்ற, பார்க்கிறவர்களுக்கு அது பெரிய வட்டமாக ஒரு கும்மி போலவே இருந்தது. வள்ளிமயில் பொறுக்க மாட்டாமல் ஒரு குலவையும் போட்டுவிட்டாள். முதலாளியின் சட்டை முதுகோடு ஒட்டியது. அவருக்கு நிழல் கொடுக்க அங்கே ஒருவரும் முன்வரவில்லை. ஊர் முழுவதையும் வேலையை விட்டு அனுப்பினால் விளைந்த உப்பை யார் வாருவது? அவர் காரில் ஏறினார். ஏறும்போது, "பலவேசம், நாளையில இருந்து நீ அளத்துக்கு வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். கார் போன புழுதி உப்பின்மேல் படிந்தது.

சீட்டு எண்ணும் நாளன்று ஒன்றிய அலுவலகத்தில் பெட்டியைத் திறந்த அதே நேரத்தில், உவர்க்கரையில் விரல்கள் எல்லாம் தூக்கம் வந்த குழந்தை மாதிரி ஒவ்வொன்றாக மடங்கின. கத்தரிக்காய் ஜெயித்தது என்று செய்தி வந்ததும் ஊரில் ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்து, "அட, எப்பிடி ஜெயிச்சா? யாரு போட்டது?" என்று கன்னத்தில் கைவைத்து வியந்தார்கள். அந்த வியப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. ஓடைப் புறம்போக்கில் முதல் லோடு செங்கல் இறங்கியது. முதலாளி வழக்குப் போட்டார். சுவர் இன்னும் முழங்கால் உயரத்தில்தான் நிற்கிறது, ஆனால் நிற்கிறது.

வேலை போன பலவேசம் வேறொரு அளத்தில் பலகை பிடிக்கப் போனான். அதன்பிறகு தங்கை வீட்டுப் பக்கம் வரவில்லை. கல்யாண நாள் வந்தது. முகூர்த்தம் நெருங்க நெருங்க மாப்பிள்ளை வீட்டார் வாசலைப் பார்த்தார்கள், ஊர் சந்தனமாரியைப் பார்த்தது. அவன் வந்தால் தங்கை தனக்குத்தான் போட்டாள் என்று ஆகும், வராவிட்டால் போடவில்லை என்று ஆகும். வாயால் சொன்ன சொல் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது.

நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிக்கொண்ட இடைவெளியில் பலவேசம் வந்தான். கைகள் உப்பில் வெடித்திருந்தன, தோளில் மாலை இருந்தது. நேராக மணவறை ஏறி, செவ்வந்தியின் கழுத்தில் மாலையைப் போட்டு, அவளுக்குப் பின்னால் தூண் மாதிரி நின்றான். தாலி ஏறியது.

பந்தியில் அவன் உட்கார்ந்ததும் சந்தனமாரி தாம்பாளத்தோடு போய் முன்னால் நின்றாள். இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்ததை இனியும் தாங்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. அவள் பொய்யின்மேல் அவன் நின்றதாக ஆகிவிடக்கூடாது.

"அண்ணே, அன்னிக்கு நான்..."

அவன் தாம்பாளத்தில் இருந்து ஒரு பூந்தி லட்டை எடுத்தான், முழு லட்டு, உடைக்கவில்லை. எழுந்து நின்று, பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அதை அப்படியே அவள் வாய்க்குள் அடைத்தான்.

"பேசாமத் தின்னு" என்றான்.

அவள் கண்ணில் நீர் முட்ட, கன்னம் இரண்டும் உப்பி, மென்றுகொண்டே நின்றாள். அவன் உட்கார்ந்து, "இந்த எலைக்கு இன்னும் சாம்பார் வரலியேப்பா" என்று சத்தம் போட்டான்.

நடந்தது இவ்வளவுதான். ஊரின் பேரை வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள், விரலைப் பற்றிச் சொல்லுங்கள், முதலாளி சட்டை நனைந்ததைக் கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள். இதை யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ சொன்னதாக இருக்கட்டும், முகம் ஞாபகமில்லை என்று சொல்லிவிடுங்கள். சொன்ன ஆளுக்கும் ஓட்டு அந்த ஊரில்தான் இருக்கிறது.